கையளவு கார்கள் பிறக்கும் ஊர்

யப்பானுக்குச் செல்லும் நம்மவர் பெரும்பாலும் தோக்கியோவின் வானளாவிய கட்டடங்களையும் கியோத்தோவின் பழம்பெருங் கோயில்களையும் கண்டு, நாராவிலே மான்களுக்கு உணவூட்டி, புகைப்படங்கள் எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவர். தோக்கியோவையும் கியோத்தோவையும் இணைக்கும் அதிவேகப் புகையிரதப் பாதையில் ஷிசுவோக்கா என்றொரு நகரம் உண்டு. அப்பாதையில் ஓடும் வண்டிகளுள் மிக விரைவானதாகிய நொசோமி அங்கே நிற்பதில்லை. யன்னலோரம் அமர்ந்திருக்கும் பிரயாணி ஒருமுறை கண் இமைத்துத் திறப்பதற்குள் நகரம் கடந்து போய்விடும். ஆயினும் உலகெங்கும் மாதிரிக் கார்களைக் கட்டி மகிழும் பல இலட்சம் மக்களுக்கு அந்நகரத்தின் பெயர் ஒரு யாத்திரைத் தலத்தின் பெயரைப் போன்றது.

என் சகோதரியின் மகன் நாகோயாவிலே பொறியியல் கற்கிறான். சென்ற ஆண்டு மே மாதத்தில் அவனைப் பார்க்கச் சென்றிருந்தபோது, “மாமா, கோயில்களை இன்னொரு நாள் பார்க்கலாம். நாளைக்கு என்னோடை ஷிசுவோக்காவுக்கு வாருங்கோ” என்று வற்புறுத்தினான். நாற்பது வயதைக் கடந்த கல்லூரி ஆசிரியன் ஒருவன் விளையாட்டுக் கார்களைப் பார்ப்பதற்காகப் புகையிரதம் ஏறுவதா என்று முதலில் தயங்கினேன். தயக்கத்தோடுதான் புறப்பட்டேன்.

நாகோயாவிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பிரயாணம். ஹமமாற்சுவைக் கடந்ததும் குன்றுகளின் சரிவெங்கும் தேயிலைப் பாத்திகள் தோன்றுகின்றன. நமது மலைநாட்டுத் தோட்டங்களைப் போலக் கொழுந்து பறிக்கும் பெண்களை அங்கே காண்பது அரிது. சீவி விட்ட தலைமயிர் போன்று ஒழுங்காக வளைந்த வரிசைகளை இயந்திரங்களே கத்தரித்துச் செல்கின்றன. ஒரு புறம் மலை, மறு புறம் யப்பானிய விரிகுடாக்கள் யாவற்றிலும் ஆழமானதாகிய சுருகா விரிகுடா. இரண்டுக்கும் நடுவே நகரம் அமைந்திருக்கிறது. வானம் தெளிந்த நாளில் வடகிழக்கே பூஜி மலை தெரியும். நாங்கள் சென்ற நாளில் அது முகிலுக்குள் மறைந்திருந்தது.

நகருக்குள் நடந்தபோது என் கண்ணில் முதலிற் பட்ட விநோதம் ஒரு தபாற்பெட்டி. மாதிரிப் பொம்மைகளின் உறுப்புகள் பெட்டியில் வரும்போது அவை யாவும் ஒரே பிளாஸ்ரிக் சட்டகத்தில், கொடியிற் காய்கள் போல ஒட்டிக்கொண்டிருக்கும். அதே அமைப்பில், ஆளுயரச் சட்டகம் ஒன்றிலே தபாற்பெட்டியின் பாகங்கள் பிரித்துப் பொருத்தப்பட்டிருந்தன. நடுவிலே நின்றது உண்மையான தபாற்பெட்டி. கடிதம் போட்டால் உரியவருக்குப் போய்ச் சேரும். பொதுத் தொலைபேசி ஒன்றும் இவ்வாறே சட்டகத்துள் நிற்கிறது. 2021ஆம் ஆண்டு முதல் நகரசபையார் இத்தகைய சின்னங்களை நிறுவி வருகின்றனர். தன் தொழிலைச் சிலையாக்கி வீதியில் நிறுத்தும் ஊர்கள் பல உண்டு. தன் வீதிப் பொருள்களையே தன் தொழிலாக்கிக் காட்டும் ஊரை நான் அன்றுதான் கண்டேன்.

இந்தத் தொழில் இங்கே எவ்வாறு வேரூன்றிற்று? விடை காண நானூறு ஆண்டுகள் பின்னே செல்லுதல் வேண்டும். யப்பானை ஒருகுடைக்கீழ்க் கொணர்ந்த தொகுகாவா இயெயாசு, பதவியை மகனிடம் ஒப்படைத்தபின் 1607இல் இவ்வூரின் சுன்பு கோட்டைக்கு வந்து, 1616இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். கோட்டை கட்டவும், பின்னர் குனோசான் மலையில் அவரது நினைவாலயத்தையும் நகரிலுள்ள செங்கென் ஆலயத்தையும் எழுப்பவும் நாட்டின் பல திசைகளிலுமிருந்து தச்சரும் சிற்பிகளும் அரக்குப் பூச்சு வல்லுநரும் வந்து குவிந்தனர். செங்கென் ஆலயத்தின் இன்றைய கட்டடங்கள் 1804இல் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டப்பட்டவை. தந்தை தொடங்கிய தூணை மகன் முடித்திருப்பான் என்று எண்ணத் தோன்றுகிறது. வேலை முடிந்தும் ஊர் திரும்பாமல் இங்கேயே குடியமர்ந்த அக்கைவினைஞரின் வழித்தோன்றல்களே பிற்காலத்தில் மரத்தளபாடம், அரக்குப் பாத்திரம், கெத்தா எனப்படும் மரப்பாதுகை ஆகியவற்றைச் செய்து ஷிசுவோக்காவுக்குப் பெயர் தேடித் தந்தனர் என்று ஊரார் பெருமையோடு கூறுவர். சுற்றுமலைகளில் மரம் உண்டு. ஊரில் மரமறிந்த கை உண்டு. இவ்விரண்டும் சேர்ந்த இடத்தில், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலே மரத்தாலான மாதிரி விமானங்களும் கப்பல்களும் பிறந்தன. 1924இல் தொடங்கிய அஓஷிமா நிறுவனம் இத்துறையின் மூத்த பெயர்களுள் ஒன்று. ஹசெகாவா, புஜிமி, தமியா என்பன அதன்பின் வந்தவை.

இவற்றுள் தமியாவின் வரலாறு ஒரு கதை போலச் சுவையுடையது. 1946இல், போரிலே நொறுங்கிக் கிடந்த நாட்டில், தமியா யோஷியோ என்பவர் ஒரு மரக்காலையைத் தொடங்கினார். அதன் ஒரு மூலையில் மர மாதிரிப் பொம்மைகளும் செய்யப்பட்டன. 1951இல் தீ மூண்டு மரக் களஞ்சியம் சாம்பலாயிற்று. இரண்டு ஆண்டுகளின் பின் மர வியாபாரத்தை அடியோடு கைவிட்டு, மூலையில் நடந்த சிறு தொழிலையே முழுத் தொழிலாகக் கொண்டார். அதிலும் நிம்மதி நீடிக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து பிளாஸ்ரிக் மாதிரிகள் வந்திறங்கின. 1958 அளவில் யப்பானிலும் அவை உற்பத்தியாகத் தொடங்கின. மரப் பொம்மையைச் செதுக்கிச் செதுக்கி உருவாக்க வேண்டிய சிறுவன், பிளாஸ்ரிக் உறுப்புகளை ஒட்டியவுடனே உண்மைக் கப்பல் போன்ற ஒன்றைக் கையில் ஏந்தினான். மரம் தோற்றது.

1960இல் தமியா நிறுவனமும் துணிந்து, யமாத்தோ என்னும் போர்க்கப்பலின் பிளாஸ்ரிக் மாதிரியை வெளியிட்டது. அதே கப்பலை வேறொரு நிறுவனம் மலிவான விலைக்கு விற்கவே, அச்சுக்காகச் செலவிட்ட பெருந்தொகை மீளவில்லை. ஓர் உருக்கு அச்சைக் குடைவதற்கு ஆகும் செலவு சிறு நிறுவனம் ஒன்றைக் கவிழ்க்கப் போதுமானது என்பதை வாசகர்கள் மனங்கொள்ள வேண்டும். அந்த வேளையில் யோஷியோவின் மகன் ஷுன்சாகு, பொம்மைத் தொழிலிலே பயன்பட்ட பழைய அச்சொன்றைப் பெற்று, சின்னஞ்சிறு பந்தயக் கார்களைச் செய்து மலிவாக விற்றார். கப்பல் மூழ்கடித்த நிறுவனத்தைக் கையடக்கமான கார் கரை சேர்த்தது. 1967இல் ஹொண்டா பந்தயக் காரின் மாதிரியைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் வெளியிட்டபோது தமியாவின் பெயர் கடல் கடந்தது. 1976இல் போர்ஷே காரொன்றின் மாதிரி வெளிவந்தது. அதற்காக உண்மையான போர்ஷே கார் ஒன்றை விலைக்கு வாங்கி, ஒவ்வோர் ஆணியாகக் கழற்றி அளந்து வரைந்தார்கள் என்பது இத்தொழிலில் உள்ளோர் சொல்லிச் சொல்லி மகிழும் செய்தி. அந்த ஷுன்சாகு 2025இல் தமது தொண்ணூறாவது வயதிற் காலமானார்.

இனி, மாதிரிக் கார் கட்டுதல் என்பது யாது என அறியாத வாசகர்க்குச் சிறிது சொல்லுதல் தகும். கடையில் வாங்கும் பெட்டிக்குள் காரில்லை. காராகக் கூடியவை உள்ளன. கூடு, அடித்தளம், இருக்கை, சில்லு, கண்ணாடி, முகவிளக்கு என நூறுக்கு மேற்பட்ட உறுப்புகள் இருக்கலாம். பெரும்பாலான மாதிரிகள் இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவின. ஓர் அடி நீளம் அரை அங்குலமாகச் சுருங்குகிறது. மூன்று மீற்றர் நீளமான சிறிய கார் பன்னிரண்டரைச் சென்ரிமீற்றர் ஆகி உள்ளங்கையில் அமர்ந்துவிடும்.

உறுப்பை வெட்டுக்குறட்டால் சட்டகத்திலிருந்து பிரித்து, வெட்டிய தழும்பை அரத்தாளால் தேய்த்து மறைத்தல் முதற்படி. சவர்க்கார நீரிற் கழுவி எண்ணெய்ப் பசையைப் போக்குதல் அடுத்தது. அதன்மேல் அடிப்பூச்சு, நிறப்பூச்சு, கண்ணாடி போன்ற மேற்பூச்சு. ஒவ்வொன்றும் உலரும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். இங்கேதான் கணிதம் குறுக்கிடுகிறது. பூச்சின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்றாயின், உண்மைக் காரின் அளவுக்கு அதைப் பெருக்கிப் பார்த்தால் 2.4 மில்லிமீற்றர் வரும். இரண்டு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட வர்ணத்தை எந்தக் காரும் சுமப்பதில்லை. ஆகவே கைதேர்ந்தவர் மூச்சைப் போல மெல்லிய பூச்சுகளைப் பலமுறை இட்டு, பின்னர் மெழுகேற்றி மினுக்குவர். அவசரக்காரனின் கார் கதவின் விளிம்பிலேயே காட்டிக்கொடுத்துவிடும். வகுப்பறையிலே விகிதசமத்தை இருபது ஆண்டுகள் கற்பிக்கும் எனக்கு, அக்கணக்கு இத்துணை உயிரோடு நிற்கக் கண்டது பெருமகிழ்ச்சி.

பெட்டியில் உள்ளபடி கட்டுவது ஒரு வகை. தன் விருப்பம்போல் மாற்றிக் கட்டுவது மற்றொரு வகை. இரண்டாம் வகைக்குப் பெருவழி திறந்தவர்கள் அமெரிக்கர். அங்கே ஏ.எம்.ரி. என்னும் நிறுவனம் 1958இல் ஒரே பெட்டியிலிருந்து மூன்று விதமாகக் கார் கட்டக்கூடிய தொகுதிகளை வெளியிட்டது. தொழிற்சாலையில் வந்தபடியோ, வீதி அலங்காரக் காராகவோ, பந்தயக் காராகவோ சிறுவன் தன் காரைத் தீர்மானிக்கலாம். யப்பானியர் இதனைத் தம் மண்ணுக்கேற்ப வளர்த்தனர். 1970களில் திரைப்படங்களாற் பிரசித்தி பெற்ற அலங்கார லொறிகள் அங்கே உண்டு. தேரைப் போல விளக்குகளும் சித்திரங்களும் சுமந்து இரவிலே ஒளி வீசிச் செல்லும் அந்த லொறிகளை அஓஷிமா நிறுவனம் மாதிரிகளாக்கிற்று. 1982இல் தமியா வெளியிட்ட சிறு மின்காரோ சிறுவர் உலகத்தையே ஆட்கொண்டது. இரண்டு பற்றரிகளால் நான்கு சில்லும் சுழல, சுவரிட்ட பாதையில் அது பாயும். திருப்பும் கருவி அதற்கில்லை. ஆதலால் வெற்றி ஓட்டத்திலில்லை, ஆயத்தத்திலே தங்கியிருக்கிறது. பாரத்தைக் குறைக்கக் கூட்டிலே துளையிட்டும், பற்சக்கரத்தை மாற்றியும், வளைவிற் பாய்ந்து விழாமற் பக்க உருளைகளைப் பொருத்தியும் சிறுவர் பரிசோதனை செய்வர். நம் ஊரிலே பனங்காய் வண்டில் கட்டி ஓடிய பிள்ளை, எந்தக் காய் நேராக உருளும் என்று தேடித் தெரிந்ததும் இதே அறிவுதான்.

மே மாதந்தோறும் ஷிசுவோக்காவின் துவின் மெஸ்ஸே மண்டபத்தில் நடைபெறும் பொழுதுபோக்குக் கண்காட்சி 1959இல் வியாபாரிகளுக்காகத் தொடங்கப்பட்டது. இன்று கடைசி இரு நாள்களும் பொதுமக்களுக்கு உரியவை. உற்பத்தியாளரின் புதுச் சரக்குகள் ஒரு புறமிருக்க, மறுபுறம் நீண்ட மேசைகளிலே நாடெங்குமிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்த கழகத்தினர் தாம் கட்டியவற்றைப் பரப்பி வைத்திருந்தனர். விற்பனை அங்கில்லை, காட்டுவதும் காண்பதும் மட்டுமே. மின்னும் பந்தயக் கார்களின் வரிசையிலே, முதியவர் ஒருவரின் முன்னால் ஒரு சிறிய பழங்கார் தனித்து நின்றது. சுபாரு 360 என்னும் வகை. 1958இல் வெளிவந்து யப்பானின் எளிய குடும்பங்களுக்கு முதன்முதலில் காரேறும் பாக்கியத்தைத் தந்தது. அதன் வர்ணம் மங்கியிருந்தது. இடப்பக்கப் பின்சில்லின் மேலே ஒரு நெளிவு.

“இந்த நெளிவு ஏன்?” என்று மருமகன் மூலம் கேட்டேன்.

அது தம் தகப்பனாரின் கார் என்றார் அவர். தகப்பனார் கெத்தா பாதுகை செய்பவர். செய்தவற்றை மொத்த வியாபாரியிடம் கொண்டு செல்வதற்காக வாங்கிய கார் அது, ஒருநாள் கற்றூணில் உராய்ந்தது, திருத்தக் காசில்லை. சில ஆண்டுகளில் ஊரார் சப்பாத்துக்கு மாறிவிட்டனர். பட்டறை மூடப்பட்டது, காரும் விற்கப்பட்டது. பதினெட்டு வயதில் இவர் பிளாஸ்ரிக் அச்சுக் குடையும் பட்டறையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். தகப்பனார் அதைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லையாம்.

“காரைக் கட்ட ஒரு மாதம். நெளிவுக்கு மூன்று மாதம்” என்றார். கூட்டின் உட்புறத்தைக் காகிதம்போல மெலியச் சுரண்டி, இளஞ்சூட்டில் அமுக்கினாராம். இரண்டு கூடுகள் உடைந்தன. மூன்றாவதில் நினைவில் இருந்த நெளிவு வந்தது. பின்பு ஓர் உருப்பெருக்கியை என்னிடம் தந்து, பின் இருக்கையைப் பார்க்கச் சொன்னார். அங்கே ஒரு சோடிப் பாதுகை. நீளம் ஒரு சென்ரிமீற்றர் இருக்கும். பிளாஸ்ரிக்கில் அல்ல, கெத்தா செய்யும் கிரி மரத்திலேயே செதுக்கப்பட்டிருந்தது. தகப்பனார் விட்டுச்சென்ற உளியின் நுனியைத் தீட்டிச் செதுக்கினேன் என்றார். அந்தக் கார் உண்மையில் எவரிடம் போயிற்று என்பது அவருக்குத் தெரியாது. அதைத் தேடியதுமில்லை.

ஓர் ஊரின் தொழில் அழியும்போது அவ்வூரின் கைத்திறனும் உடன் அழிந்துவிடும் என்பது நம்மிடையே பலருடைய எண்ணம். ஷிசுவோக்கா அவ்வெண்ணத்தை முற்றாக மறுக்கவுமில்லை, முற்றாக ஏற்கவுமில்லை. மரம் போயிற்று, ஆயின் மர அச்சைச் செதுக்கிய கண், உருக்கு அச்சைக் குடைய உதவிற்று. அதேவேளை மரத்தோடு வாழ்ந்த எல்லோரும் மறுகரை சேர்ந்துவிடவில்லை என்பதற்கு அந்த நெளிந்த சிறுகார் சாட்சி. நகரத்தின் வெற்றிக் கதையைச் சொல்பவர்கள் பாதுகைப் பட்டறைகளையும் சேர்த்தே சொல்லுதல் நேர்மையாகும்.

இன்றைய பிள்ளைகள் கண்ணாடித் திரையை விரலால் தடவியே யாவற்றையும் பெற்றுவிடுகின்றனர். கட்டுவதற்குப் பொறுமை அவர்களுக்குண்டா என்ற கவலை ஷிசுவோக்காவிலும் உண்டு. கண்காட்சி மேசைகளின் பின்னே அமர்ந்திருந்தோரில் நரைத்த தலைகளே மிகுதியாகத் தெரிந்தன. எனினும் சிறுவருக்கென ஒதுக்கிய ஒரு மூலையில், எட்டு வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு சில்லை அச்சாணியில் ஏற்றுவதைக் கண்டேன். முதல் முறை கோணலாக ஏறிற்று. அருகிலிருந்த தாய் கை நீட்டவில்லை. மூன்றாம் முறை சரியாக ஏறியது. பாடப்புத்தகத்தில் பிழையான விடைக்கு ஆசிரியர் சிவப்புக் கோடிட வேண்டும். இங்கே பிழையைச் சில்லே சொல்லிவிடுகிறது; அது உருளாது. கற்பிப்போருக்கு இதனினும் உதவியான துணை வேறுண்டோ? மரமோ தகரமோ களிமண்ணோ, பிள்ளையின் கைக்கு ஏதேனும் ஒன்றைக் கொடுக்கும் பாடவேளை நம் பாடசாலைகளிலே எத்தனை உண்டு என்று, திரும்பும் வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தேன்.

யப்பான் செல்லும் வாசகர்க்கு ஒரு வார்த்தை. தோக்கியோவிலிருந்து ஹிக்காரி வண்டியில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஷிசுவோக்காவை அடையலாம்; நொசோமியில் ஏறிவிட வேண்டாம், நிற்காமற் கொண்டு போய்விடும். மே மாதத்தில் செல்பவர் கண்காட்சிக்கு முன்பதிவு வேண்டுமா என விசாரித்துக்கொள்ளுதல் நன்று. ஏனைய மாதங்களிற் செல்பவருக்குப் புகையிரத நிலையத்தின் தென்வாயிலருகே, இவ்வூர் நிறுவனங்களின் படைப்புகளை வைத்திருக்கும் நிலையான காட்சிக்கூடம் ஒன்று உண்டு. அதனைக் கண்டபின், கால் வலித்தாலும் செங்கென் ஆலயம் வரை நடந்து சென்று, தூண்களுக்கு மேலேயுள்ள மரச் சிற்பங்களைச் சற்று அண்ணாந்து பாருங்கள். கார்களைப் பார்த்த கண்ணோடு அவற்றைப் பார்த்தல் வேண்டும்.